வண்டித் தடத்தில் வரப்புப் பூண்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டி, கேட்டிலிருந்து கார் நிற்கிற இடம்வரை சிமெண்டு பூசப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள் அன்பர்களே, அந்த மண்ணின் கதையைக் கேளுங்கள்.

சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாம் ஏரி பார்த்து நெல் விளைந்த ஊர்கள். நஞ்சை மனையாச்சு; மழைநீர் மண்ணில் இறங்க இடம் குறைஞ்சு போச்சு. 2003-ல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2015 டிசம்பரில் தாம்பரம் வட்டாரமே வெள்ளத்தில் தவித்தது.

ஆகவே சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் பதியுங்கள். நடுவில் பொடுதலை நடலாம். அன்று வரப்பிலும் ஏரிக்கரையிலும் தானாகப் படர்ந்த பூண்டு அது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும், மிதியும் தாங்கும். ஐப்பசி மழைக்கு முன் சாண் இடைவெளியில் ஊன்றுங்கள். பூவுக்குத் தேனீ வரும். வெறுங்காலோடு போகிறவர்கள் பார்த்து நடக்கணும். ஆஸ்திரேலிய ஆற்றுச் சமவெளிகளில் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று பெருங்களை. ஆகவே ஓரத்தை அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.