தோட்டத்துக்கு வந்த தோடி

தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் திருவிழா என்றால், விடியுமுன்பே கோயில் கூரைமேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் நாயனம் என்கிற நாதஸ்வரம் கேட்கும். தேர் நகரும் நாளுக்கு மேளக் கோஷ்டியை வெளியிலிருந்து கூட்டிவருவதுண்டு. மற்ற வேளைகளில் தோட்டத்துக்குக் கிடைத்தது பதிவான நாயனந்தான்: முதலில் இசைத்தட்டு, பிறகு வானொலி, அதன்பின் கசெட். ஆகவே சப்ரகமுவத் தோட்டத் தமிழரின் இசை வரலாற்றை எழுதுகிறவர், கடலுக்கு அப்பால் திருவாவடுதுறையில் இருந்த நாதஸ்வர வித்துவான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையையும் அதில் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து. நேரில் கேட்க வாய்க்காதவர்களுக்கு விழுந்த மிச்சந்தான் பதிவு என்று நினைப்போர் பலர். அவருடைய பதிவுகளை அப்படி ஒதுக்குவது தவறு. அவர் வாழ்நாள் முழுவதும் எதற்காகப் போராடினாரோ அது நிறைவேறிய இடங்களில் இசைத்தட்டும் ஒன்று.

தோட்டத்தில் நாதஸ்வரப் பரம்பரை ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். தஞ்சைப் பகுதியில் கோயில் நிலமும் ஆதீனங்களும் வித்துவான்களின் குடும்பங்களைத் தாங்கின. யாழ்ப்பாணத்தில் அளவெட்டியும் இணுவிலும் அதேபோல் கலைஞர் குடும்பங்களை வளர்த்தன. நாதஸ்வரத்தில் என். கே. பத்மநாதனையும், தவிலில் தெட்சணாமூர்த்தியையும் தந்தது அந்தச் சூழல். இங்கே கோயிலுக்கு நிலமில்லை. தொழிலாளி குடியிருந்த லயத்து அறைகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். சம்பளத்திலிருந்து சேர்த்த பணத்தில் திருவிழா நடத்தலாம். ஒரு வித்துவான் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்துக் காப்பாற்ற அது போதாது. போதாததற்கு 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானபோது எந்தக் குடும்பம் இருக்கும், எது கப்பலேறும் என்பதே தெரியாமல் போயிற்று. தப்பு மேளம் இந்த மக்களின் கையிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. நாயனம் காதில் மட்டுமே இருந்தது.

ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர். அவருக்கு ஓராண்டு முன்னதாக, 1897இல், இங்கிலாந்தில் பிறந்தவர் லியோன் கூசன்ஸ். அவர் வாசித்தது ஓபோ. நாதஸ்வரத்துக்கு அது தூரத்து உறவுமுறை: இரண்டிலும் மரக்குழல், இரண்டிலும் இரட்டை நாக்குச் சீவாளி, இரண்டிலும் சீவாளி சரியில்லையென்றால் வித்துவான் கதி அதோகதி. மேலைநாட்டு வாத்தியக் குழுவில் எல்லாரும் சுருதி சேர்ப்பது ஓபோ தரும் ஒற்றைச் சுரத்தைக் கேட்டுத்தான். ஆனால் சுருதி சேர்ந்தபின் அது கூட்டத்தில் ஒன்றாக அமர்ந்துவிடும். தனித்து மேடையேறிக் கேட்போரைப் பிடித்துவைக்கும் வாத்தியமாக ஓபோவை இங்கிலாந்தில் நிலைநாட்டியவர் கூசன்ஸ். வான் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர் 1944இல் ஓபோவுக்கென எழுதிய பெரும்படைப்பு இவருக்காகவே எழுதப்பட்டது. 1962இல் ஒரு கார் விபத்தில் பற்களும் உதடும் சிதைந்தன. ஊதுவதையே முதலிலிருந்து பழகி மறுபடி மேடைக்கு வந்தார், 1988வரை வாழ்ந்தார். இசைத்தட்டின் ஆரம்ப காலத்தில் தொடங்கிய அவருடைய பதிவுகள் நீள்தட்டுக் காலம்வரை தொடர்ந்தன. அந்த நீண்ட ஆயுள் நம்மவருக்கு வாய்க்கவில்லை. 58 வயதில் முடிந்துபோன வாழ்வு அவருடையது. இருந்தும் இருவரும் செய்த வேலை ஒன்றே: இன்னொன்றுக்குத் துணையாக ஒலித்துவந்த வாத்தியத்தை, அதற்காகவே உட்கார்ந்து கேட்க வைத்தார்கள்.

சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடந்துகொண்டே, சட்டையில்லாமல், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிப்பதே நாதஸ்வரக்காரரின் நிலையாக இருந்தது. பாட்டுக்காரர் மேடையில் அமர்ந்தார். நாயனக்காரர் தெருவில் நின்றார். ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்தார், சட்டை போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார், வாய்ப்பாட்டுக் கச்சேரிக்குள்ள மரியாதையைக் கேட்டு வாங்கினார். 1947 ஆகஸ்டில் சுதந்திரத்தை ஒட்டித் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டில்லியில் வாசித்தவரும் அவரே. மரியாதைக்கான இந்தப் போராட்டத்தை ஒரு பெருமிதக்காரரின் பிடிவாதம் என்று சுருக்கிச் சொல்வோர் உண்டு. அப்படியானால் வாத்தியத்தின்மேல் அவர் செலுத்திய கவனத்தை எப்படி விளக்குவது? அதுவரை புழக்கத்திலிருந்த திமிரி நாயனம் குட்டையானது, உச்சச் சுருதியில் ஒலிப்பது. நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாயனம் நிலைபெற்றது ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில். அவருடைய தேவைக்கேற்ப அதைச் செப்பமாக்கிக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வீதிக்குத் தேவையான உரப்பைக் குறைத்துக்கொண்டு காதுக்குத் தேவையான நுணுக்கத்தை வாங்கிய மாற்றம் இது.

இந்த இடத்தில் ஒலிவாங்கி வருகிறது. 1925க்கு முன் கூம்புக்குள் ஊதித்தான் இசைத்தட்டுப் பதிவு செய்தார்கள். உரத்த ஒலிதான் அதில் நன்றாகப் பதியும், மெல்லியது தொலைந்துபோகும். மின்முறைப் பதிவு வந்தபின் மூச்சைக் குறைத்து ஊதும் இழையும் தட்டில் ஏறியது. ராஜரத்தினம் பிள்ளையின் புகழ் பரவியது இந்தக் காலத்தில். அவருடைய தோடி ராகத்தைத் தட்டில் கேட்பவர் கவனிக்க வேண்டியது வேகப் பிருகாக்களை மட்டுமல்ல. காந்தாரத்தை அசைத்து நிறுத்தும்போது ஒலி எவ்வளவு தாழ்கிறது, தாழ்ந்தபின்னும் எப்படிக் கலங்காமல் நிற்கிறது என்பதைக் கேட்க வேண்டும். நாயனம் பாடுகிறது என்று சொல்வது வெறும் புகழ்ச்சி அல்ல. வாய்ப்பாட்டை முறையாகக் கற்றவர் அவர். தெருவோர இரைச்சலில் நின்று கேட்டவருக்கு எட்டாத அந்த இழை, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் தட்டைச் சுழலவிட்டுக் கேட்டவருக்கு எட்டியது.

மறுப்பு உடனே எழும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம். இரவு முழுதும் ஒரே ராகத்தை வாசிக்கக்கூடியவரை 3 நிமிடத்தில் அடைப்பது கடலைச் செம்பில் மொள்வதல்லவா? நியாயமான கேள்வி. நேர்க்கச்சேரியின் விரிவு தட்டில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ராகத்தின் உருவம் நேரத்தின் நீளத்தால் உண்டாவதில்லை. எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது, எந்தச் சுரத்தில் கேட்பவரை இருத்துவது என்ற தேர்வில்தான் அது உண்டாகிறது. இடம் குறுகும்போது அந்தத் தேர்வு கூர்மையாகிறது. தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்று, அவர் இருந்த ஊரை ஒருநாளும் மிதிக்காதவர்களும் சொல்லும்படி ஆனது எதனால்? நேர்க்கச்சேரி கேட்டவர்களின் வாய்ச்சொல்லால் மட்டும் அந்தப் பெயர் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கி நுழைந்தபின் உயிருள்ள வித்துவானின் பிழைப்புப் போயிற்று என்கிறார்கள். தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும் இதில் உண்மை உண்டு, அந்த வேதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தெஹியோவிட்டவைப் போன்ற ஊருக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. இங்கே பதிவு யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. ஆளில்லாத இடத்துக்கு அது வந்தது. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பு 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் வழியாகவும், மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வழியாகவும் பரவியபோது, அதை ஏற்கும் செவி தோட்டங்களில் தயாராக இருந்ததற்கு முன்னோடித் தட்டுகளே காரணம். இன்னொன்றும் உண்டு. தோட்டத் துரை வரும்போது குடையை மடக்கி ஓரமாக ஒதுங்கி நிற்க வைக்கப்பட்ட மக்கள் இவர்கள். தெருவில் நிற்க மறுத்து மேடையில் உட்கார்ந்த ஒருவரின் மூச்சு இவர்களுடைய கோயில் கூரையிலிருந்து ஒலித்ததை வெறும் பொழுதுபோக்காக என்னால் எண்ண முடியவில்லை.

தட்டைக் கேட்டு யாரும் நாதஸ்வரம் கற்றுவிட முடியாது என்பது உண்மை. மூச்சின் அழுத்தமும், விரலைத் துளையில் பாதி மூடும் அளவும், சீவாளியைப் பதப்படுத்தும் கையும் குருவிடமிருந்துதான் வர வேண்டும். பதிவு வித்துவானை உண்டாக்காது. கேட்கத் தெரிந்தவரை உண்டாக்கும். அப்படிக் கேட்டவர்கள் இந்த மலையடிவாரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள் என்பதற்குச் சான்று, கோயில் அலுமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் தட்டுகளும் கசெட்டுகளுமே.

அந்தச் சான்று அழிந்துகொண்டிருக்கிறது. தெஹியோவிட்ட ஈரவலயத்து ஊர். கசெட் நாடாவில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். அரக்குத் தட்டு ஒருமுறை கைதவறினால் முடிந்தது. உங்கள் தோட்டக் கோயிலில் பழைய தட்டோ, திருவிழாவில் பதிவுசெய்த நாடாவோ இருந்தால் தயவுசெய்து குப்பையில் போட வேண்டாம். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், நாடா அறுந்துவிடும். உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், உறைமேல் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள், ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனம் போன்ற ஓரிடத்துக்கு ஒரு பிரதி போய்ச்சேர வழிசெய்யுங்கள். இதை அடுத்த மழைக்கு முன் செய்யுங்கள்.