பீடிப் பழக்கத்தைக் கைவிடல்

பீடிப் பழக்கத்தைக் கைவிடல் என்பது பீடி புகைக்கும் ஒருவர் அப்பழக்கத்தை முற்றிலும் நிறுத்தி, மீண்டும் தொடங்காதிருப்பதைக் குறிக்கும். இது புகைத்தலைக் கைவிடலின் ஒரு வகையாகும். இந்தியாவில் சிகரெட்டு (வெண்சுருட்டு) புகைப்போரை விடப் பீடி புகைப்போரே மிகுதி. 2016-17 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயது நிரம்பிய இந்தியரில் 7.7% பேர் பீடியும் 4.0% பேர் சிகரெட்டும் புகைத்தனர். தமிழ்நாட்டில் திருநெல்வேலியும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கும் பீடி சுற்றும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. எனவே இப்பகுதியில் இது உடல்நலம் சார்ந்த சிக்கலாக மட்டுமன்றி வாழ்வாதாரம் சார்ந்த சிக்கலாகவும் உள்ளது.

பீடியின் தன்மை

பீடி என்பது சிறிதளவு புகையிலைத் தூளைத் தெண்டு இலையில் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டப்படுவது. இதிலுள்ள புகையிலையின் அளவு சிகரெட்டில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. இதனால் பீடி தீங்கு குறைந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது தவறானதாகும். தெண்டு இலையில் காற்றுப் புகும் நுண்துளைகள் குறைவு. அடிக்கடி இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும். ஆகவே புகைப்பவர் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறார். அதன் விளைவாக நிக்கோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு ஆகியன சிகரெட்டுக்கு இணையாகவோ கூடுதலாகவோ உடலில் சேர்கின்றன. சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறுவது கைவிடல் ஆகாது.

உடல்நலப் பாதிப்பு

சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களைப் பற்றி வெ. கஜலட்சுமியும் பிறரும் மேற்கொண்ட ஆய்வு 2003 இல் வெளியானது. ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகைத்தலே காரணம் என்று அது காட்டியது. 2008 இல் வெளியான மற்றொரு இந்திய ஆய்வின்படி, பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளையும், சிகரெட்டு புகைக்கும் ஆண்கள் 10 ஆண்டுகளையும் தம் வாழ்நாளில் இழக்கின்றனர்.

கைவிடுதல் கடினமாவது ஏன்?

புகையிலுள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை அடைந்து, டோப்பமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. நாளடைவில் மூளை இதற்குப் பழகிவிடுகிறது. நிறுத்தியவுடன் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, மிகு பசி, கவனக்குறைவு ஆகிய விலகல் அறிகுறிகள் தோன்றுகின்றன. இவை முதல் சில நாட்களில் உச்சத்தை அடைந்து, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. புகைக்க வேண்டும் என்ற ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நீடிக்கும்.

உடலின் பழக்கத்தோடு சூழலின் தூண்டுதலும் சேர்ந்துகொள்கிறது. காலைக்கடன், தேநீர்க்கடை, உணவுக்குப் பிந்தைய நேரம், பேருந்துக்குக் காத்திருத்தல் போன்றவை பொதுவான தூண்டுதல்கள். விலகல் அறிகுறிகள் நீங்கிப் பல மாதங்கள் ஆன பின்னரும் இவை ஒருவரை மீண்டும் பழக்கத்துக்குள் இழுக்கக்கூடும்.

கைவிடும் முறைகள்

முன்னாள் புகைப்பாளர்களில் பெரும்பாலோர் ஒரே முயற்சியில் வெற்றி பெற்றவர்கள் அல்லர். எவ்வித உதவியுமின்றி மேற்கொள்ளப்படும் ஒரு தனி முயற்சி ஓராண்டு வரை நிலைப்பது 100 இல் 3 முதல் 5 பேருக்கே எனக் கணிக்கப்படுகிறது. உதவி பெறும்போது இவ்வாய்ப்பு உயர்கிறது.

* நாள் குறித்து நிறுத்தல்: படிப்படியாகக் குறைப்பதைவிட, குறித்த நாளில் முழுவதும் நிறுத்துவது கூடுதல் பயன் தருவதாக 2016 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஆறு மாத முடிவில் முழுவதும் நிறுத்தியவர்களில் 22% பேரும், குறைத்து நிறுத்தியவர்களில் 15.5% பேரும் புகைக்காதிருந்தனர்.
* வேட்கையைக் கடத்தல்: புகைப்பதைச் சில நிமிடங்கள் தள்ளிப்போடுதல், ஆழ்ந்து மூச்செடுத்தல், தண்ணீர் அருந்துதல், வேறு வேலையில் ஈடுபடுதல் ஆகிய நான்கும் பரிந்துரைக்கப்படுகின்றன.
* நிக்கோட்டின் மாற்று மருத்துவம்: நிக்கோட்டின் கொண்ட மெல்லும் பசை, ஒட்டுப்பட்டை முதலியன வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு வரை உயர்த்துகின்றன. இப்பசையைச் சாதாரண மிட்டாய்ப் பசை போல் தொடர்ந்து மெல்லலாகாது. சுறுசுறுப்பு தோன்றும் வரை மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும்.
* மருந்துகள்: பியூப்ரோபியான், வரெனிக்ளின் ஆகியவற்றை மருத்துவரின் அறிவுரைப்படியே உட்கொள்ள வேண்டும்.

மின்-சிகரெட்டு இந்தியாவில் 2019 இல் தடை செய்யப்பட்டது.

திருநெல்வேலிச் சூழல்

மேலப்பாளையம், முக்கூடல் ஆகிய ஊர்களிலும், 2019 இல் தென்காசி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பகுதியிலுள்ள ஆலங்குளம், கடையம், பாவூர்ச்சத்திரம் ஆகிய ஊர்களிலும் பீடி சுற்றுதல் முதன்மையான குடிசைத் தொழிலாகும். இத்தொழிலில் ஈடுபடுவோரில் பெரும்பாலோர் பெண்கள். இவர்கள் இலையையும் தூளையும் பீடிக்கடையில் பெற்று, வீட்டிலேயே சுற்றி, கட்டுகளாகத் திருப்பித் தருகின்றனர். கூலி, சுற்றும் எண்ணிக்கையைப் பொறுத்தது.

இதனால் இப்பகுதியில் கைவிட முயல்வோருக்குத் தனித்த இடர் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பீடிகளையும் தீப்பெட்டியையும் அகற்றிவிடுதல் என்பது உலகெங்கும் கூறப்படும் முதல் அறிவுரை. ஆனால் பீடித் தட்டு வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும் குடும்பத்தில் அதனை அகற்றுவது வருமானத்தை அகற்றுவதாகும். புகைக்காத பெண்களும் தூளைக் கையாள்வதால் பாதிப்புக்கு உள்ளாகின்றனர். பீடி சுற்றுவோர் உடலில் நிக்கோட்டினின் விளைபொருளான கோட்டினின் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. இந்தியா 2004 இல் ஏற்புறுதி அளித்த உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17 ஆவது பிரிவு, புகையிலைத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரம் ஏற்படுத்துவதை ஊக்குவிக்கக் கோருகிறது. அத்தகைய மாற்று கிடைக்கும் வரை, சுற்றும் பொருட்களைத் தனி இடத்தில் மூடி வைத்தல், புகைப்பவர் அவ்வேலையில் கைகொடுக்காதிருத்தல் போன்ற இடைக்கால வழிகளே எஞ்சுகின்றன.

உதவி அமைப்புகள்

2002 இல் இந்தியாவில் 13 புகையிலைக் கைவிடல் மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றுள் ஒன்று. 2016 இல் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசிச் சேவை (1800-11-2356) தொடங்கப்பட்டது. 2018 செப்டம்பர் முதல் இவ்வெண் பீடிக்கட்டு உள்ளிட்ட புகையிலைப் பொதிகளில் அச்சிடப்படுகிறது.

பயன்கள்

* 20 நிமிடங்கள்: இதயத் துடிப்பு குறைகிறது.
* 12 மணிநேரம்: குருதியிலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்குத் திரும்புகிறது.
* 1 ஆண்டு: இதயத் தமனி நோய்க்கான இடர், புகைப்பவரின் இடரில் பாதியாகிறது.
* 10 ஆண்டுகள்: நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் இடர் ஏறத்தாழ பாதியாகிறது.

பிரித்தானிய மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004 இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, சிகரெட்டு புகைத்தலை 60 வயதில் கைவிட்டவர்களும் சுமார் 3 ஆண்டு வாழ்நாளைத் திரும்பப் பெற்றனர். 40 வயதில் கைவிட்டவர்கள் பெற்றது சுமார் 9 ஆண்டுகள்.

மீளத் தொடங்குதல்

கைவிட்டவர் மீண்டும் ஒரு பீடி புகைத்துவிடுவது முழுத் தோல்வியாகக் கருதப்படுவதில்லை. எந்த இடத்தில், எந்த வேளையில், யாருடன் இருந்தபோது அது நிகழ்ந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முயற்சியில் அச்சூழலைத் தவிர்ப்பதே நடைமுறை.

இவற்றையும் பார்க்கவும்

* புகைத்தல்
* பீடி
* நிக்கோட்டின்
* காசநோய்
* திருநெல்வேலி மாவட்டம்