வானத்துத் தேருக்கு ஒரு வெள்ளோட்டம்

புதிதாகத் தேர் செய்தால் அதில் உடனே சுவாமியை எழுந்தருளச் செய்வதில்லை. முதலில் வெறும் தேரை நான்கு வீதியிலும் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கிறதா, வீதி முனையில் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று அறியத்தான் இந்த ஏற்பாடு. இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். சிறுவயதில் எங்கள் ஊரில் ஒரு வெள்ளோட்டம் பார்த்திருக்கிறேன். ஊரே கூச்சல் போட்டு வடம் பிடித்தது. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை பெரிய தச்சர் மட்டும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கருவறைமேல் எழும்பி நிற்பதற்கும், ஆகாயத்தில் பறப்பதற்கும் விமானம் என்ற ஒரே சொல்லைத் தமிழில் வழங்குகிறோம். பறக்கிற விமானத்துக்கும் வெள்ளோட்டம் உண்டு. அதைக் காண ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடுவதும் உண்டு. அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எழுதத் தூண்டியது என் பேரன் கேட்ட கேள்வி. 2005 ஏப்ரல் 27 அன்று ஏர்பஸ் ஏ380 என்ற இரட்டை மாடி விமானம் பிரான்சில் முதல்முறை பறந்ததைக் கடையில் இருந்த தொலைக்காட்சியில் பார்த்தேன். நம் நேரப்படி பிற்பகல் இரண்டு மணி, வியாபாரம் ஓய்ந்திருந்த வேளை. அதை அவனிடம் விவரித்துக் கொண்டிருந்தபோது குறுக்கிட்டுக் கேட்டான்: "அந்த ஃப்ளைட்டைத்தான் 2021லே செய்யறதையே நிறுத்திட்டாங்களே தாத்தா. அப்போ அன்னிக்குக் கை தட்டினவங்க எல்லாம் ஏமாந்தவங்கதானே?"

சட்டென்று பதில் வரவில்லை. வியாபாரிக்குத் தெரியாத கேள்வியும் அல்ல இது. கடை திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தை வைத்து வருஷக் கணக்கு எழுத முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் வந்தவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆகவே பழைய செய்திகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

துலூஸ் நகரத்தின் வழக்கம்

பிரான்சின் தென்மேற்கே கரோன் ஆற்றங்கரையில் உள்ளது துலூஸ் நகரம். அங்கே விமான வெள்ளோட்டம் என்பது ஏறக்குறைய ஊர்த் திருவிழா போல. கேரவெல் 1955 மே 27 அன்றும், ஒலியை மிஞ்சிய வேகமுள்ள கான்கார்டு 1969 மார்ச் 2 அன்றும், ஏர்பஸ்ஸின் முதல் விமானமான ஏ300 1972 அக்டோபர் 28 அன்றும் அங்கிருந்துதான் முதன்முதலில் எழும்பின. தகப்பன் தோளில் உட்கார்ந்து கான்கார்டைப் பார்த்த பிள்ளை, 2005இல் தன் பிள்ளைகளோடு வந்து நின்றிருக்கலாம் அல்லவா?

ஏ380ஐப் பொறுத்தவரை இன்னொரு விசேஷம் உண்டு. அதன் இறக்கைகள் வேல்ஸ் நாட்டின் பிராட்டனில் தயாராயின. உடற்பகுதிகள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்தும், வால்பகுதிகள் ஸ்பெயினிலிருந்தும் வந்தன. இவை கப்பலில் போர்தோ பக்கம் இறங்கி, படகில் லாங்கோன் என்ற ஊர்வரை சென்று, அங்கிருந்து சுமார் 240 கிலோமீட்டர் சாலைவழியே துலூஸ் போய்ச் சேர வேண்டும். இவ்வளவு பெரிய உருப்படிகள் பகலில் போனால் போக்குவரத்து நின்றுவிடும். எனவே இரவில்தான் பயணம். வழியில் லெவின்யாக் என்ற சிறு கிராமத்தின் தெருவில் வீட்டுச் சுவர்களை உரசாத குறையாக அந்த வண்டிகள் ஊர்ந்து போகும். ஜனங்கள் தூக்கத்தை விட்டு எழுந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். 2004இல் தொடங்கிய இந்த இரவு ஊர்வலம் 2020இல்தான் முடிந்தது. இறக்கையாகவும் உடலாகவும் தனித்தனியே தெருவில் கண்டதை, ஒன்றுசேர்ந்து எழும்பும்போது காணவேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு இராதா?

2005 ஏப்ரல் 27

அன்று பிளான்யாக் விமான நிலையத்தைச் சுற்றித் திரண்டவர்கள் 30,000 பேருக்குக் குறையாது. 50,000 என்று சொன்னவர்களும் உண்டு. தொழிற்சாலை ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இவர்களோடு விமானப் பிரியர்கள் என்று ஒரு தனி ரகம். கையில் பைனாகுலர், தோளில் கேமரா, சட்டைப்பையில் சிறு நோட்டு. ரயில்பெட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளும் பையன்கள் நம் ஊரிலும் உண்டே, அந்த ஜாதிதான். அன்று அவர்கள் குறித்த பதிவெழுத்து 'எஃப்-டபிள்யூ டபிள்யூ ஓ டபிள்யூ'. கடைசி மூன்று எழுத்தைச் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் 'வாவ்' என்று வரும்!

உள்ளே இருந்தவர்கள் ஆறே பேர். ஜாக் ரோசே, குளோட் லெலே இருவரும் விமானிகள்; மற்ற நால்வர் சோதனைப் பொறியாளர்கள். பயணி ஒருவர்கூடக் கிடையாது. பயணிகளின் எடைக்கு ஈடாகத் தண்ணீர்த் தொட்டிகளும், சுமார் 20 டன் சோதனைக் கருவிகளும் இருந்தன. அறுவருக்கும் பாராசூட் கொடுத்திருந்தார்கள். அவசரமென்றால் பிடித்துக்கொண்டு வெளிவாசலுக்குப் போகக் கைப்பிடிக் கம்பியும் போட்டிருந்தார்கள். சுவாமி இல்லாத தேருக்கும் முட்டுக்கட்டை போடுகிறவன் சக்கரத்தின் அருகில்தானே ஓட வேண்டும்? ஆபத்து அவனுக்குத்தான். கணக்கெல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் கணக்கு காகிதத்தில் இருந்தது, மனிதர் ஆறு பேரும் உள்ளே இருந்தார்கள்.

உள்ளூர் நேரம் 10.29க்கு 421 டன் எடையோடு விமானம் தரையை விட்டது. அதுவரை எந்தப் பயணி விமானமும் அவ்வளவு எடையோடு கிளம்பியதில்லை. பார்த்தவர்கள் பலர் வியந்தது வேறொன்று: எதிர்பார்த்த இரைச்சல் இல்லை. தென்மேற்கு பிரான்சின் வானில் 3 மணி 54 நிமிடம் பறந்து பிற்பகல் 2.23க்கு இறங்கியது. காலையில் கிளம்பும்போது நின்ற கூட்டத்தில் பலர் வெயிலில் அதுவரை காத்துக் கிடந்தார்கள். கிளம்பியதைப் பார்ப்பது பாதிதான். திரும்பி வந்ததைப் பார்த்தால்தான் முழுசு. தேரும் நிலைக்கு வந்தால்தானே வெள்ளோட்டம் முடிந்ததாகக் கணக்கு.

கண்ணில் பட்டதும் படாததும்

அன்று கூட்டம் பார்த்தது இறக்கையை. பார்க்காதது உள்ளே ஓடிய கம்பியை. அந்த விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பி. ஒரே நிறுவனத்தின் ஒரு தொழிற்சாலையில் கணினி மென்பொருளின் பழைய பதிப்பு, இன்னொன்றில் புதிய பதிப்பு. விளைவு, அடுத்தடுத்துச் செய்த விமானங்களுக்கு ஹாம்பர்க்கில் தயாரான கம்பிக்கட்டுகள் துலூஸில் பொருத்தும்போது எட்டவில்லை. 2006 ஜூனில் மேலும் தாமதம் என்று அறிவித்ததும், தாய் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அதற்கு முன்பே, 2006 பிப்ரவரியில் தரையில் நடந்த சோதனையில் இறக்கை விதித்த அளவுக்குச் சற்று முன்னதாகவே முறிந்ததால் அதையும் பலப்படுத்த வேண்டியிருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதல் பயணிகளை ஏற்றிச் சென்றது 2007 அக்டோபர் 25 அன்றுதான். நம் டெல்லிக்கும் மும்பைக்கும் 2014 மே மாதம் முதல் அது வரத் தொடங்கியது.

பிறகு காலம் மாறியது. இரண்டே இன்ஜினோடு கடல் கடக்கும் சிக்கன விமானங்கள் வந்தபின் நான்கு இன்ஜின் யானைக்குத் தீனி போடக் கம்பெனிகள் தயங்கின. 2021 டிசம்பரில் கடைசி ஏ380 ஒப்படைக்கப்பட்டது. மொத்தம் 251.

முன்னே ஓடிய தேர்கள்

இதற்கு நேர் எதிரான சரித்திரம் போயிங் 747க்கு. 1969 பிப்ரவரி 9, அமெரிக்காவின் எவரெட் நகரம். அதை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் ஜோ சட்டர், ஓடுபாதையில் விமானம் எந்த இடத்தில் தரையை விடும் என்று கணக்கிட்டு, அதற்கு நேராகத் தம் மனைவியை நிற்கச் சொன்னாராம். இறக்கையின் பின்மடிப்பில் சிறு கோளாறு ஏற்பட்டதால் சீக்கிரமே இறக்கிவிட்டார்கள். அதன்பின் நிறுவனம் கடனில் தத்தளித்தது. ஆயிரமாயிரம் பேருக்கு வேலை போனது. கடைசியாக ஊரைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று 1971இல் சியாட்டில் நகரில் விளம்பரப் பலகையே வைத்தார்கள்! விளக்கு அணையவில்லை. 2023 ஜனவரியில் கடைசி விமானத்தை ஒப்படைக்கும் வரை 1,574 விமானங்கள் ஓடியாடிச் சம்பாதித்துக் கொடுத்தன.

அதே 1969இல் உலகமே கொண்டாடிய கான்கார்டு? அன்று அரைமணிக்கும் குறைவாகப் பறந்தது; செய்தது மொத்தம் 20; 2003இல் ஓய்வு. கைதட்டலுக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் கல்கத்தாவாசிகள் மறக்கக்கூடாத ஒரு கதையும் உண்டு. உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட், 1949 ஜூலை 27 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் ஜான் கன்னிங்ஹாம் ஓட்ட, நல்லபடியாகவே வெள்ளோட்டம் முடித்தது. 1952 மே 2 அன்று பயணிகளை ஏற்றத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, டம்டமிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் இடி மின்னல் புயலில் சிக்கிச் சிதறி 43 பேர் மாண்டார்கள். 1954இல் இத்தாலிக் கடற்பக்கம் மேலும் இரண்டு காமெட்டுகள் விழுந்தன. காரணம் தேட, ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்தும் எடுத்தும் சோதித்தார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து மூவாயிரம் சொச்சம் பறப்புக்குச் சமமானபோது தகடு கிழிந்தது. திரும்பத் திரும்ப அழுத்தம் தாங்கி அலுத்துப்போன உலோகத்தில், சன்னல் போன்ற திறப்புகளின் மூலையில்தான் வெடிப்பு தொடங்கியது என்பது இத்தாலிக் கடலில் விழுந்த விமானத்தின் மர்மத்தை விளக்கியது.

நாற்பது வருஷமாகப் பாத்திரம் விற்கிறவன் நான். புது அண்டா வந்தால் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்துத்தான் கொடுப்போம். ஆனால் முதல்நாள் ஒழுகாதது மூன்றாம் வருஷம் ஒழுகாது என்று எந்தக் கடைக்காரனும் எழுதித் தரமாட்டான். வெள்ளோட்டமும் அப்படியே. அது தீர்ப்பு அல்ல, முதல் கேள்வி மட்டுமே.

கூட்டம் எதற்கு?

அப்படியானால் கூடினவர்கள் எதற்குக் கை தட்டினார்கள்? வரப்போகும் லாபத்துக்கு அல்ல என்றே நினைக்கிறேன். பத்திரம் எழுதினால் சாட்சி வேண்டும். நம் கல்வெட்டுகளில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் 'இப்படி அறிவேன்' என்று எழுதுவதைக் காணலாம். இந்த நிலம் நாளை நன்றாக விளையும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி நான் அறிவேன் என்கிறார், அவ்வளவுதான். துலூஸ் வேலியோரம் நின்றவர்கள் செய்ததும் அதுவே. பல நாட்டுக் கைகள் செய்த ஒரு பொருள் ஆறு உயிரைச் சுமந்து எழும்பியது, பத்திரமாகத் திரும்பியது. அதை நாங்கள் அறிவோம். அவர்கள் எடுத்த படங்களும் நோட்டில் குறித்த நேரங்களும் அந்தச் சாட்சியத்தின் பகுதிதான்.

ஆகவே பேரனிடம் சொன்னேன்: "சாட்சி சொன்னவங்க ஏமாந்தவங்க இல்லைப்பா. அவங்க பார்த்தது பொய்யில்லையே."

அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. "சரி, அந்த முதல் ஃப்ளைட் என்னாச்சு?" என்றான். அது எந்தக் கம்பெனிக்கும் விற்கப்படவில்லை, சோதனைக்கென்றே தங்கிவிட்டது. 2022 மார்ச் 25 அன்று, அதே பிளான்யாக் ஓடுபாதையிலிருந்து, நான்கு இன்ஜின்களில் ஒன்றுக்கு மண்ணெண்ணெய் கலப்பே இல்லாத புதுவகை எரிபொருள் ஊற்றி ஏறக்குறைய மூன்று மணி நேரம் பறந்து காட்டியது. அந்த எரிபொருளைப் பெரும்பாலும் சமையலுக்குப் பயன்படுத்திய பழைய எண்ணெயிலிருந்து தயாரித்திருந்தார்கள். விற்பனை முடிந்த பிறகும் வெள்ளோட்டம் முடியவில்லை.

"நம்ம வீட்டிலே அப்பளம் பொரிச்ச எண்ணெய் மாதிரியா தாத்தா?" என்று கேட்டான்.

"அதே மாதிரிதான்" என்றேன். அப்போதுதான் அவன் முகத்தில் வியப்பைப் பார்த்தேன்.