உள்மடியும் இமையும் சத்திரசிகிச்சை வரலாறும்

முதுமையிற் கண்ணின் கீழிமை உட்புறமாக மடிவதுண்டு. அப்போது இமைமயிர்கள் ஒவ்வோர் இமைப்பிலும் கருவிழியை உராயும். நீர் வடியும்; வெளிச்சம் கூசும்; நாளடைவில் விழியிற் புண் உண்டாகிப் பார்வையே மங்கும். வயதின் இயல்பு என்று இதனைப் பொறுத்துக்கொள்ளும் முதியோர் பலர்.

இமையை அறுத்துத் திருத்தும் கலை மிகப் பழையது. இமைமயிர் விழியை உறுத்தும் நோயைச் சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் பக்ஷ்மகோபம் என்கின்றது. புருவத்தின் கீழ் இரு பங்கும் இமைமயிரின் மேல் ஒரு பங்கும் தோலை விட்டு, இடையிலே யவதானிய வடிவில் ஒரு துண்டு அறுத்து நீக்கப்படும். காயத்தை மயிரினாற் தைத்து, தேனும் நெய்யும் இட்டு, நெற்றியிற் பட்டி கட்டுவர். காயம் ஆறிய பின்னரே தையல் களையப்படும். தோல் குறுகினால் இமை வெளித்திரும்பும் என்பதே இதன் அடிப்படை.

ஆயினும், யாவும் அன்றே அறியப்பட்டிருந்தன என்று இதனைக்கொண்டு பெருமிதங்கொள்ளல் பொருந்தாது. அச்சிகிச்சை மேலிமைக்குரியது, முதுமையில் மடிவதோ பெரும்பாலும் கீழிமை.

நவீன சத்திரவைத்தியம் தமிழிற் புகுந்தது மானிப்பாய் வழியாக. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் 'இரணவைத்தியம்' என்னும் மொழிபெயர்ப்பு நூலை வெளியிட்டார். அவர் மறைந்த 1884ஆம் ஆண்டிலேயே, கொக்கெயின் துளிகளாற் கண்ணை மரக்கச் செய்யலாமென வியன்னாவின் கார்ல் கொல்லர் கண்டறிந்தார்.

நோயின் காரணம் தோலில் அன்று, இமையை உள்ளிருந்து இழுத்து நிறுத்தும் தசைநார்களின் தளர்ச்சியிலும் இமையின் தொய்விலும் உள்ளது என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெளிவாயிற்று. 1963இல் லெஸ்டர் ஜோன்ஸும் அவரோடு உழைத்தோரும் அத்தசைநாரையே இறுக்கும் முறையை விளக்கினர். 1971இல் குவிக்கேட்டும் ராத்பனும் தையல்களால் மட்டும் இமையை வெளித்திருப்பும் முறையை வெளியிட்டனர். நோய் மீளக்கூடுமெனினும், ஊசியும் நூலும் சிறிது மரப்பு மருந்துமே இதற்குப் போதும்.

இத்துணை எளிய சிகிச்சையும் மலையகத்து முதியோர்க்கு எளிதன்று. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டங்களுக்கு மருந்தைக் கொணர்ந்தது உண்மையே. ஆனால் அது கருதியது உழைக்கும் உடலை. செக்றோலிலிருந்து பெயர் நீங்கிய முதியோரின் இமையை அன்று. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல. அங்குள்ள முதியவர், கண்வைத்தியப் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலையை நாடி மலையிறங்கவேண்டும். அதுவரை, கீழிமையைக் கன்னத்தோடு இழுத்து ஒட்டும் பிளாஸ்டர்த் துண்டொன்று விழியை ஓரளவு காக்கும். தோட்ட மருந்தகத்திலேயே அதனை ஒட்டிவிடலாம்.