பல் இம்ப்ளான்ட்டுக்கு உரிய இடம்: ஒரு மதிப்பீடு

தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் கிரவுனையோ பல் செட்டையோ பொருத்தும் முறை இன்று வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. அது நிலைக்குமா என்ற ஐயம் ஓய்ந்துவிட்டது. யாருக்கு, எந்நிலையில் வைக்கலாம் என்ற கேள்வி ஓயவில்லை. இம்ப்ளான்ட் பல்லின்மைக்குத் தீர்வே தவிர, பல்லுக்கு நிகரன்று. காப்பாற்றத்தக்க பல்லைப் பிடுங்கிவிட்டு அதைப் பதிப்பதற்கு அதன் உயிரியலில் ஆதாரமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எலும்பிணைவு

உலோகத்தைத் தாடையில் பதிக்கும் முயற்சி பழையது. அமெரிக்கரான கிரீன்ஃபீல்டு 1913இல் இரிடியம் கலந்த பிளாட்டினக் கூண்டு ஒன்றைப் பற்றி எழுதினார். 1960களில் லியோனார்டு லிங்கோ தகடு வடிவ இம்ப்ளான்ட்டைப் பரப்பினார். இத்தகைய முயற்சிகளில் பலவற்றில் உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே நார்த்திசு வளர்ந்து, நாளடைவில் பிடிப்புத் தளர்ந்தது.

திருப்பம் பல் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் 1950களின் தொடக்கத்தில் பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடு பதித்து, எலும்புக்குள் ஓடும் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்தபின் கூட்டைக் கழற்ற முடியவில்லை. எலும்பு அதைப் பற்றி வளர்ந்திருந்தது. இதுவே எலும்பிணைவு. 1965இல் கோத்தன்பர்க்கில் முதல் நோயாளியின் கீழ்த்தாடையில் அவர் பதித்த திருகுகள், அந்நோயாளி இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன. 1982இல் ஜார்ஜ் சார்ப் டொராண்டோவில் கூட்டிய மாநாடு இம்முறைக்கு வட அமெரிக்காவின் கதவைத் திறந்தது.

இவ்வெற்றிக்கு உலோகம் மட்டும் காரணமன்று. எலும்பைக் காயப்படுத்தாத நிதானமும் காரணம். துளையிடும்போது எலும்பின் வெப்பம் 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் நின்றாலே திசு கெடும். எனவே உப்புநீர் பாய்ச்சி, குறைந்த வேகத்தில் துளைக்கிறார்கள். ஆறும் காலத்தில் திருகு அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு உருவாகும் என்பதால், பிரோனெமார்க் அதை ஈறுக்கடியில் மூடி, கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் சுமையின்றி விட்டுவைத்தார்.

இல்லாத நார்ப்படலம்

இயற்கைப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்ப்படலம் இருக்கிறது. கடியின் அழுத்தத்தைத் தாங்குவதும், கடினமான பொருள் பட்டவுடன் மூளைக்குச் சொல்வதும் அதுவே. இம்ப்ளான்ட்டில் அது இல்லை. அதனால்தான் பக்கத்தில் இயற்கைப் பற்கள் இருக்கும்போது, மெல்லக் கடித்தால் பற்களுக்கிடையே வைத்துச் சோதிக்கும் மென்தகடு நழுவி வரும்படியும், அழுத்திக் கடித்தால் மட்டும் பிடிபடும்படியும் மருத்துவர் இம்ப்ளான்ட் கிரவுனின் உயரத்தைச் சீவுகிறார். வளரும் பிள்ளைகளுக்கு இதைப் பதிப்பதில்லை. அக்கம்பக்கப் பற்கள் தாடையோடு வளர்ந்து இறங்க, இது பதித்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஈறின் பிடிப்பும் வேறு. இயற்கைப் பல்லில் ஈறு நார்கள் வேருக்குள் ஊன்றி நிற்கின்றன. இம்ப்ளான்ட்டைச் சுற்றி அவை பெரும்பாலும் அதற்கு இணையாகவே ஓடுகின்றன. கிருமிப்படலம் படிந்து அழற்சி தொடங்கினால், எலும்பை எட்டவிடாமல் தடுக்கும் அரண் வலுவற்றது. இம்ப்ளான்ட்டில் சொத்தை விழாது என்பது மெய். அதைச் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்படாது என்பது மெய்யன்று.

எது வெற்றி?

திருகு வாயில் இருப்பதையே வெற்றி எனக் கொண்டால் இக்குறை கணக்கில் வராது. சீழ் வடிந்தபடி நிற்கும் திருகும் அக்கணக்கில் தேறிவிடும். 1986இல் ஆல்பிரெக்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த அளவுகோல் கடுமையானது: அசைவு, வலி, தொற்று கூடாது, முதலாண்டுக்குப் பின் எலும்பிழப்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும்.

இம்ப்ளான்ட்டை ஆதரிப்போர் சொல்லும் வலுவான காரணம் ஒன்று உண்டு: பிரிட்ஜ் கட்ட இருபுறப் பற்களையும் தேய்க்கவேண்டும், இதற்கு வேண்டாம். ஒற்றைப் பல் போய், பக்கத்துப் பற்கள் பழுதற்றிருந்தால் இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இது பிரிட்ஜுக்கு எதிரான வாதம். காப்பாற்றத்தக்க பல்லுக்கு எதிரானதன்று. ஈறுநோயால் ஆடும் பல்லை எடுத்துவிட்டால் நோயும் போய்விடும் என்பதும் சரியன்று. ஈறுநோய்க்கு ஆளானவர்களிடமே இம்ப்ளான்ட்டைச் சுற்றிய அழற்சியும் மிகுதி. பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இயலாதவர், புகைப்பழக்கத்தை விடாதவர், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர் ஆகியோருக்குப் பல் போய்த் திருகு வந்தாலும் இடர் மாறாது.

உரிய இடம்

பற்கள் முழுவதும் போன கீழ்த்தாடையில் நிலைமை தலைகீழ். மேல் பல் செட்டை அண்ணத்தின் பரப்பு பிடித்துவைக்கும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை, நாக்கு அசையும்போதெல்லாம் எழும்பும். பற்கள் போனபின் கீழ்த்தாடையின் எலும்பு மேடு மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என 1972இல் டால்கிரெனின் நெடுங்கால ஆய்வு காட்டியது. அந்நிலையிலும் மோவாய்ப் பகுதியில் பெரும்பாலும் இரண்டு திருகுகளுக்குப் போதிய எலும்பு எஞ்சும். அவற்றில் மாட்டிக் கழற்றும் பல் செட்டையே இத்தகையோருக்கு முதல் தெரிவாகக் கொள்ளவேண்டும் என 2002இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தனர்.

இங்கே இழப்பதற்குப் பல் இல்லை. பெறுவதோ மெல்லும் திறன். ஆகவே பொது மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டங்களும் இச்சிகிச்சைக்குப் பணம் ஒதுக்குமானால், பல்லற்ற கீழ்த்தாடையே முதல் உரிமை பெறவேண்டும். ஆடும் பல்லுக்கு முதலில் ஈறு சிகிச்சை. அது தோற்ற பின்னரே இம்ப்ளான்ட் என்பது நெறியாகவேண்டும். பதிக்கும் கட்டணத்தோடு ஆண்டுதோறும் செய்யவேண்டிய பராமரிப்பின் செலவையும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்வது அந்நெறியின் மறுபாதி.