படுக்கையும் முதுகும்



மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் படுக்கையிலே கழிக்கின்றான். எனினும் அரியணைகளின் வரலாற்றை எழுதியோர் பலர்; படுக்கையின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலர். முதுகுவலி வந்த பின்னரே எனக்கும் அவ்வரலாற்றில் நாட்டம் பிறந்தது.

தலைநகரில் மொழிபெயர்ப்பாளனாக, நாற்காலியில் குனிந்தே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவன் நான். இடுப்பில் வலி கண்டபோது நண்பர் ஒருவர், "மெத்தையை விட்டொழியும், மரப்பலகையில் படுத்துக்கொள்ளும்" என்றார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மாவும், "வெறுந்தரையில் பாயைப் போட்டுப் படுடா" என்றார். இரண்டு மாதங்கள் பலகையிலே கிடந்தேன். வலி குறைந்தபாடில்லை, காலையில் எழுந்து நிமிர்வதற்கே கால் மணி நேரம் பிடித்தது. எல்லாரும் ஒருமுகமாகக் கூறும் இவ்வறிவுரை எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தலைப்பட்டேன்.

தென்னாப்பிரிக்காவில் சிபுடு என்றொரு குகை உண்டு. அங்கே ஏறத்தாழ 77,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் படுத்த படுக்கையின் எச்சங்களை ஆய்வாளர் கண்டெடுத்து, 2011-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். அப்படுக்கை எதனால் ஆயது? கோரையினால்! கோரையைப் பரப்பி, அதன்மேல் பூச்சிகளை விரட்டும் தழையைத் தூவியிருந்தனர். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கொண்டு பத்தமடையில் பாய் நெய்வோரின் கைத்தொழிலுக்கு எத்துணைத் தொன்மையான உறவினர் இருக்கின்றனர், பாருங்கள்.

நம் சங்க நூல்களும் படுக்கையைப் பற்றிப் பேசாமல் இல்லை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் வருகின்றது. யானைத் தந்தத்தால் அணிசெய்யப் பெற்று, அன்னத்தின் தூவி பரப்பப் பெற்ற கட்டில் அது. அதனினும் மெல்லிய படுக்கை உலகில் இருந்திராது. ஆயினும் போருக்குச் சென்ற கணவனை எண்ணி அரசி அதில் உறங்காதிருக்கின்றாள். மற்றொரு காட்சி புறநானூற்றில் உள்ளது. வழிநடந்து களைத்த புலவர் மோசிகீரனார், சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுக்குரிய கட்டிலில் அறியாது ஏறி அயர்ந்து உறங்கிவிடுகின்றார். தண்டிக்க வேண்டிய மன்னனோ அவருக்குக் கவரி வீசி நிற்கின்றான். ஒருத்திக்கு அன்னத்தூவியிலும் உறக்கமில்லை. ஒருவருக்கு முரசுக் கட்டிலிலும் ஆழ்ந்த உறக்கம். உறக்கத்தைப் படுக்கை மட்டுமே தருவதில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இனி நாம் பிழைக்க வந்த வடபுலத்தை நோக்குவோம். 1334-ஆம் ஆண்டில் தில்லியை அடைந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, இந்நாட்டுக் கட்டிலை வியந்து எழுதியிருக்கின்றார். நான்கு கால்களும் நான்கு சட்டங்களும் கொண்டது. நூல் அல்லது பட்டுப் பட்டைகளால் பின்னியது. ஓர் ஆளே சுமந்து செல்லத்தக்க எடையுடையது. தானே நெகிழ்ந்து கொடுப்பதால் மென்மை சேர்க்க வேறொன்றும் வேண்டுவதில்லை என்பது அவர் குறிப்பு. இதுவே இன்றும் வடநாட்டுச் சிற்றூர்களில் நாம் காணும் கயிற்றுக் கட்டில், சார்பாயி. அதன் கால்மாட்டில் தனியாக ஒரு கயிறு ஓடுவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். கட்டில் தொய்ந்தால் அக்கயிற்றை இழுத்துக் கட்டுவர். படுக்கையின் இறுக்கத்தைப் படுப்பவர் தம் உடலுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அதில் பண்டே அமைந்திருந்தது. ஆங்கிலத்தின் 'காட்' என்னும் சொல் இந்தியின் 'காட்' என்பதிலிருந்து சென்றது. அதன் வேர் நம் 'கட்டில்' என்பதோடு உறவுடையது என்று மொழியறிஞர் சிலர் கருதுவர்.

அங்ஙனமாயின் பலகை எங்கே நுழைந்தது? 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், ஓய்வே நோய் தீர்க்கும் என்று சொற்பொழிவாற்றி, 1863-இல் அதை நூலாக்கினார். லிவர்பூல் நகரின் ஹியூ ஓவன் தாமஸ், எலும்பு நோயாளிகளுக்கு நீண்ட, இடையறாத ஓய்வை வற்புறுத்தினார். முறிந்த எலும்புக்கு நன்மை செய்த அக்கொள்கை, நாளடைவில் சாதாரண முதுகுவலிக்கும் பரவிற்று. முதுகை அசையாது கிடத்த வேண்டுமெனில் கெட்டியான தளம் வேண்டுமன்றோ? இவ்வாறு ஓய்வும் பலகையும் கைகோத்து வந்தன.

பின்னர் இவ்விரண்டும் சோதனைக்கு உள்ளாயின. 1986-இல் அமெரிக்காவில் டேயோ என்பவரும் அவர் குழுவினரும் முதுகுவலியுற்ற 203 பேரை ஆராய்ந்தனர். ஏழு நாள் படுத்திருக்குமாறு அறிவுறுத்தப் பெற்றோர், இரண்டு நாள் படுத்தோரைவிட எவ்வகையிலும் மேலான நலம் பெறவில்லை; வேலைக்குத் திரும்பாது இழந்த நாள்களே மிகுந்தன. 2003-இல் ஸ்பெயின் நாட்டின் கோவாக்ஸ் குழுவினர், நாட்பட்ட இடுப்புவலியுடைய 313 பேரின் மெத்தைகளை மாற்றினர். சிலருக்குக் கெட்டியான மெத்தை, சிலருக்கு நடுத்தர இறுக்கமுள்ள மெத்தை. எவருக்கு எது என்பது அவருக்கே தெரியாது. 90 நாள்களுக்குப் பின், நடுத்தர மெத்தையில் படுத்தோருக்கே படுக்கையிலும் எழும்போதும் வலி குறைந்து, அன்றாடச் செயல்களும் எளிதாயிருந்தன.

காரணம் கடினமானதன்று. முதுகெலும்பு நேரான கோலன்று, வளைவுகள் உடையது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் புடைத்து நிற்கும். பலகை அவற்றை அழுத்தும். இடையே இடைப்பகுதி தாங்கலின்றித் தொங்கும். தொய்ந்த மெத்தையிலோ உடல் தொட்டிலில் கிடப்பதுபோல் வளைந்துவிடும். முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டுகள் பகல் முழுதும் அழுந்தி, இரவில் நீரை ஈர்த்து மீண்டும் பருக்கின்றன. காலையில் நாம் மாலையைவிடச் சற்று உயரமாயிருப்பது அதனாலேயே.

எனவே மெத்தை வாங்கச் செல்வோர் விலையையும் விளம்பரத்தையும் மட்டும் நம்பாது, அதில் பத்து நிமிடமேனும் தாம் வழக்கமாகப் படுக்கும் நிலையில் படுத்துப் பார்த்தல் வேண்டும். மல்லாந்து படுத்து, இடைக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் புகுந்தால் மெத்தை கெட்டி. உடல் புதைந்து புரள்வதே கடினமாயின் மிக மென்மை. பருத்த உடலினருக்குச் சற்று இறுக்கம் மிகுதல் நன்று. ஒருக்களித்துப் படுப்போர் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். இலவம் பஞ்சு மெத்தை நாளடைவில் அமுங்கிக் கட்டிகட்டியாகும். வெயிலில் உலர்த்திப் பஞ்சைத் தட்டிச் சீர்செய்தல் வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்த மெத்தை எதுவாயினும் அதன் காலம் முடிந்ததென்று கொள்க.

ஒன்றை மறவாதீர்கள். கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் அடக்க இயலாமை, காய்ச்சல் ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்து வந்தால் மெத்தைக் கடைக்கன்று, மருத்துவரிடமே விரைதல் வேண்டும்.

நான் பலகையைக் கைவிட்டேன். ரப்பர் பாலூட்டிய தென்னை நார் மெத்தையொன்றை வாங்கி, அதன்மேல் ஊரிலிருந்து வந்த மெல்லிய இலவம் பஞ்சு மெத்தையை விரித்தேன். மாலையில் நடக்கவும் தொடங்கினேன். சில வாரங்களில் வலி தணிந்தது. அதில் நாருக்கு எவ்வளவு பங்கு, நடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல நான் துணியேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பாயை மட்டும் தூக்கி எறிந்துவிடாதே" என்றார். எறியவில்லை. கோடைப் பகலில் சிறிது நேரம் அயர்வதற்கு அதனினும் இனியது வேறில்லை.