தொலைக்காட்சிக்கு எழுதக் கற்றல்: மனோகர் சியாம் ஜோஷியும் 'ஹம் லோக்' தொடரும்

அச்சுக்கு எழுதிப் பழகிய எழுத்தாளன் தொலைக்காட்சிக்கு எழுத முற்படுங்கால் யாரிடம் பாடங் கேட்கின்றான்? இவ்வினாவுக்கு இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நெடுந்தொடரான 'ஹம் லோக்' விடை தருகின்றது. தூர்தர்ஷன் 1984 யூலை 7இல் ஒளிபரப்பத் தொடங்கி 1985 டிசெம்பர் 17இல் நிறைவுசெய்த இத்தொடர் 156 பகுதிகளைக் கொண்டது. எழுதியவர் மனோகர் சியாம் ஜோஷி. வார இதழாசிரியராக விளங்கிய அவர், 'குரு குரு ஸ்வாஹா', 'கஸப்' ஆகிய நாவல்களால் இந்தி இலக்கிய உலகில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தார்.

அவருக்குத் தரப்பட்ட முன்மாதிரி நாவலன்று; மெக்சிக்கோ நாட்டுத் தொடர்களே. 1969இல் பெரு நாட்டில் தொடங்கிய 'சிம்பிளமென்டே மரியா' என்ற தொடரில், வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி தையற்கலையால் உயர்கின்றாள். அதைப் பார்த்த பெண்கள் தையல் இயந்திரங்களை வாங்கத் தலைப்பட்டனர். இவ்விளைவைக் கூர்ந்து நோக்கிய மிகேல் சபிதோ, நல்லது செய்வோர், தீயது செய்வோர், இரண்டுக்குமிடையில் ஊசலாடுவோர் என மூவகைப் பாத்திரங்களை வகுத்து, 1975 முதல் எழுத்தறிவையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் போதிக்கும் தொடர்களை மெக்சிக்கோவிலே தயாரித்தார். இந்திய அரசு விரும்பியதும் அத்தகையதொரு தொடரையே.

ஆயின் வாய்பாடு மட்டும் கதையாகிவிடவில்லை. தொடக்கப் பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனை மேலோங்கியிருந்தது, பார்வையாளர் சலிப்புற்றனர். ஏறத்தாழ 13 பகுதிகளின் பின்னர் அப்போதனை தணிக்கப்பட்டு, குடும்ப உறவும் பெண்களின் நிலையும் முன்னிலை பெற்றன. குடிகாரத் தந்தை பசேசர் ராம், தன்மானமிக்க மூத்த மகள் பட்கி, திரைப்பட மோகங்கொண்ட மஜ்லி ஆகியோர் கருத்தின் ஊதுகுழல்களாகவன்றி மனிதராகப் பேசத் தொடங்கியது இதன் பின்னரே எனலாம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றிப் பார்வையாளருடன் உரையாடுவார். வந்து குவிந்த கடிதங்கள் இலட்சக்கணக்கின என்பர். பட்கியின் திருமணம் குறித்து ஆலோசனை கூறியோரும் அவருட் பலர். நூலாக வெளிவந்துவிட்ட நாவலை வாசகர் திருத்த இயலாது. தொலைக்காட்சித் தொடரோ எழுதப்படும்போதே வாசிக்கப்படுவது. ஜோஷியின் உண்மையான பள்ளிக்கூடம் இதுவே. (இந்தி வழங்காத தென்னகத்தில் வரவேற்புக் குறைவாகவே இருந்தமையும் நோக்கற்பாலது.)

எனினும் பார்வையாளர் எப்போதும் எழுத்தாளன் கருதியவாறே கற்பவரல்லர். தாய் பகவந்தி, அனைத்தையும் பொறுத்துத் தன்னை அழித்துக்கொள்ளும் பெண். பின்பற்றத் தகாதவள் என்று காட்டவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. ஆனால் தொடர்பியலாளர் அரவிந்த் சிங்காலும் எவரெட் றொஜர்சும் மேற்கொண்ட ஆய்வில், பெண்கள் பலர் அவளையே தமக்கு முன்மாதிரி என்றனர். பகவந்தியின் துயரம் அத்துணை இயல்பாக எழுதப்பட்டிருந்தமையே இதற்கு ஒரு காரணமாகலாம். எழுத்தின் வெற்றியே போதனையின் தோல்வியாயிற்று. சபிதோவின் மூவகைப் பகுப்பு, பொறுமையைப் பெண்ணின் அணியாகப் போற்றும் சமூகத்தில் யார் நல்லவர், யார் தீயவர் என்பதைத் தீர்மானிப்பவர் எவர் என்ற வினாவுக்கு விடை கூறவில்லை.

பெருவில் தையல் இயந்திரம் விலைபோனதுபோல, இந்தியாவில் இத்தொடருக்கு அனுசரணை வழங்கிய 'மாகி' நூடில்ஸ் வீடுதோறும் புகுந்தது. விளம்பரதாரருக்குத் தொடரின் ஆற்றல் புரிந்துவிட்டது. அடுத்து, 1986இல் ஒளிபரப்பான 'புனியாத்' தொடரில், பிரிவினையால் இடம்பெயர்ந்த பஞ்சாபிக் குடும்பமொன்றின் வரலாற்றை ஜோஷி எழுதினார். அதிற் குடும்பக் கட்டுப்பாட்டுப் பாடம் எதுவுமில்லை. பிற்காலத்தில் அவர் இந்தியில் எழுதிய நூல்களுள் ஒன்று, திரைக்கதை எழுதப் பழகுவோருக்கான கைந்நூலாகும்.